விடிவெள்ளிக்குப் பொன்னாடை

வெள்ளவத்தை,
2008 ஒக்ரோபர், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தங்கச்சி ஜெகதீஸ்வரிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை. என் பிள்ளை நிரோஜினியைப் பொலிசார் கொண்டுபோய் இது மூன்றாவது கிழமை. அன்றைக்கு ரெலிபோனில் நீ அழுதாய், நான் பேசாமல் இருந்தேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் ரெலிபோனில் எதைக் கதைக்கலாம், எதைக் கதைக்கக்கூடாது என்று உனக்கு இன்னும் தெரியவில்லையே, அந்தப் பயத்திலும்தான் பேசாமல் இருந்தேன்.

இதைத் தபாலில் போடவில்லை. கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ஸ் மிஸ் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ரொறன்ரோ வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். அவர் சிங்களத்தில் இரண்டு பகிடி விட்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லவே மாட்டார்கள். வாசித்து முடித்ததும் கிழித்து எறிந்துவிடு. அடுத்த புத்தகத்துக்கு உதவும் என்று எடுத்து வைக்காதே.

உன் நாவலைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று குறைப்பட்டாயே, முதலில் அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அது குப்பை. நல்ல அட்டை போட்ட குப்பை.

கொப்பியும் பேனையும் விற்கிற அக்காவுக்கு இலக்கியம் என்ன தெரியும் என்று நீ நினைப்பாய். எங்கள் கடையில் இரண்டு வருசமாக ‘இளையோர் புதுவரவு’ என்று ஒரு தட்டு இருக்கிறது. நிரோதான் கலர் பேனையால் பேர் எழுதி ஒட்டினாள். சமாதானத்துக்கென்று வெளிநாட்டில் காசு வாங்குகிற நிறுவனங்கள் இளையோர் நாவல் என்று எதையாவது அச்சடித்துக் கொண்டுவந்து போடும். நுகேகொடையிலிருந்து மினுங்குகிற ஆங்கிலப் புத்தகங்களும் வரும். விற்கிற சாமானை ருசி பார்க்காமல் விற்கும் பழக்கம் எனக்கு இல்லை, எல்லாவற்றையும் வாசித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரு பெட்டை, வயது பதினாறு. அவளை வீட்டில் ஒருவருக்கும் விளங்காது. தாய்க்குச் சமைக்க மட்டும்தான் தெரியும். கடைசி அத்தியாயத்தில் காற்று அடிக்கும், பெட்டை எழும்பி நின்று யாரையாவது காப்பாற்றுவாள். சமாதானக்காரரின் புத்தகம் என்றால் ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு சிங்களப் பிள்ளையும் சேர்ந்து மரக்கன்று நடுவார்கள், அதோடு சண்டை நின்றுவிடும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஊரைக் காப்பாற்ற என்ன அவசரம்? ஓ.எல். சோதனையில் கணிதத்தைக் காப்பாற்றினால் போதாதா? இதை நான் கடையில் வைத்துச் சொன்னால் நிரோ சிரிப்பாள். நான் புத்தகம் வாசிப்பதே பிழை பிடிக்கத்தானாம்.

அந்தத் தட்டுக்குத்தான் உன் புத்தகப் பெட்டியும் வந்து சேர்ந்தது. ‘விடிவெள்ளிக்குப் பதினாறு வயது.’ உனக்குத் தெரிந்ததையே இப்போது திருப்பிச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் தெரிந்தும் நீ அதை விளங்கிக்கொள்ளவில்லை.

நீ விடிவெள்ளி ஆக்கிய அந்தப் பிள்ளை என் வீட்டுக்காரருடைய ஒன்றுவிட்ட தங்கச்சியின் மகள். பேரை எழுதமாட்டேன், நீ வைத்த பேரே இருக்கட்டும். கிளிநொச்சியில் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் என்று இயக்கம் பிடித்தபோது அவளைப் பிடித்தார்கள். பிடித்த அன்றைக்கே தலைமயிரைக் கழுத்தோடு வெட்டிவிட்டார்கள். ஓடினால் எங்கே நின்றாலும் ஆளைத் தெரியவேண்டும் என்பதற்காக வெட்டுவது அது. அப்படியும் ஓடினாள். எந்தப் பாதையால் கொழும்புக்கு வந்தாள் என்று எங்களுக்கே முழுக்கச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கடைக்கு மேல் அறையில் வைத்திருந்தோம். வீட்டில் தங்குகிற ஒவ்வொருவரையும் பொலிசில் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். அடையாள அட்டை இல்லாத, மயிரைக் கழுத்தோடு வெட்டிய, வன்னியிலிருந்து தனியே வந்த பதினேழு வயதுப் பெட்டையைப் பதியக் கூட்டிக்கொண்டு போனால் அவள் திரும்பி வீட்டுக்கு வருவாளா? அவள் யாரை விட்டு ஓடி வந்தாளோ, அவர்களின் ஆட்களும் கொழும்பில் இல்லாமல் இல்லை. மயிர் வளரும்வரை ஆளை வெளியில் காட்டுவதில்லை, பிறகு அட்டைக்கு ஒரு வழி பார்ப்பது என்று இவரும் நானும் முடிவெடுத்தோம். நிரோ அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து அந்தத் தட்டில் இருந்த நாவல்களை ஒன்றும் மிச்சம் விடாமல் வாசித்தார்கள்.

இதையெல்லாம் நிரோ உனக்கு ஈமெயிலில் எழுதினாள். சின்னம்மாவுக்குத்தானே என்று நம்பி எழுதினாள். நீ அதை எடுத்து இளையோருக்கு நாவலாக்கினாய்.

பேரை மாற்றி, வயதில் ஒன்றைக் குறைத்தால் போதும் என்று நினைத்துவிட்டாய். எந்தத் தாய் தகப்பன் பிள்ளைக்கு விடிவெள்ளி என்று பேர் வைக்கும்? ஆனால் கொப்பிக் கடை, கடைக்குப் பின்னால் இரும்புப் படி, யன்னலைத் திறந்தால் பேக்கரியின் புகைபோக்கி, எதிரே தையற்கடை, எல்லாம் அப்படியே இருக்கிறது. வழி கேட்டு வருகிறவனுக்கு வேறு ஒருவரும் தேவையில்லை. பிழையாக எழுத வேண்டியதையெல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய், சரியாக எழுத வேண்டியதையெல்லாம் பிழையாக எழுதியிருக்கிறாய். உன் விடிவெள்ளி பின்னேரங்களில் வெள்ளவத்தைக் கடற்கரையில் தனியே இருந்து அலையோடு கதைக்கிறாள். அங்கே இப்போது அலையோடு கதைப்பது காவலுக்கு நிற்கிற கடற்படைக்காரன் மட்டும்தான். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று, இனி நான் ஒருவருடைய பொம்மையும் இல்லை என்று சொல்லித் தன் கூந்தலைத் தானே வெட்டி எறிகிறாள். அந்த இடத்தை மேலே இருந்த பிள்ளையும் வாசித்தாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இதை எழுதினவர் ஆரும் ஆரையும் பிடித்துவைத்து மயிர் வெட்டக் கண்டிருக்கிறாரோ என்று என்னிடம் கேட்டாள். நான் இல்லை என்றேன்.

அதோடு விட்டாயா? கனடாவில் வெளியிட்டது காணாதாம், கதை நடந்த இடத்திலும் வெளியிட வேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். நீ இவரைப் பிடித்தாய். மச்சாள் கேட்டால் இவருக்கு இல்லை என்று சொல்ல வராது. மண்டபம் எடுத்தார், அழைப்பிதழ் அடித்தார். மேலே இருக்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, அவளுக்கும் ஒரு சந்தோசம் என்று நீ நிரோவிடம் சொல்லி வைத்தாய். மாசக்கணக்காகப் படியிறங்காத பிள்ளைக்கு வெளியே போவதென்றால் ஆசையிராதா? துப்பட்டாவால் தலையை மூடிக் கடைசி வரிசையில் எனக்கும் நிரோவுக்கும் நடுவில் இருத்தினேன்.

விழாச் சிறப்பைக் கேட்க ஆசையாக இருப்பாய், சொல்கிறேன். விளக்கேற்றவே ஒரு பட்டாளம் மேடையில் ஏறியது. தமிழ் வாழ்த்துப் பாடிய பிள்ளை இரண்டாம் அடியை மறந்து முதலாம் அடியையே திருப்பித் திருப்பிப் பாடியது. முதற்பிரதியை வாங்கிய இரும்புக்கடை இராசரத்தினம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். இளையோர் நாவல் என்கிறாய், மண்டபத்தில் இளையோர் என்று சொல்ல என் பக்கத்தில் இருந்த இருவரும் அந்தப் பாட்டுப் பிள்ளையும்தான் இருந்தார்கள். மற்றதெல்லாம் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர்கள். உன் ஏற்புரையை ரெலிபோனை ஒலிவாங்கியில் பிடித்துக் கேட்பித்தார்கள். இரைச்சலுக்குள் ‘மண்’ என்றும் ‘வலி’ என்றும் இரண்டு சொல் விளங்கியது. அதற்கும் தட்டினார்கள்.

ஆய்வுரைக்குச் சிவபாதசுந்தரம் மாஸ்டர் எழும்பினார். முன்னுரையை மட்டும் வாசித்துவிட்டு ஒரு மணித்தியாலம் பேசக்கூடிய மனிசன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, உனக்கும் தெரியும். புத்தகத்தைப் புகழ வேண்டுமென்றால் நன்றாக எழுதியிருக்கிறார் என்று சொல்லமாட்டார்கள். இது உண்மையில் நடந்தது, ஆளையே எனக்குத் தெரியும் என்பார்கள். அதற்குமேல் ஒரு புகழ்ச்சி எங்களிடம் கிடையாது. மாஸ்டருக்கு அதற்கு வேண்டியதெல்லாம் நீயே ஈமெயிலில் அனுப்பியிருக்கிறாய். பொன்னாடை ஒன்றும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறாய். என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

மனிசன் கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் சொன்னார்: “விடிவெள்ளி கற்பனை இல்லை. வன்னியில இருந்து தப்பி வந்து இந்த மண்டபத்திலதான் இருக்கிறா. எழும்பி வா மகள், உனக்கொரு பொன்னாடை போர்க்க வேணும்.”

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. என் பக்கத்தில் இருந்த பிள்ளை எழும்பத் தொடங்கினாள். மேடை ஆசையில் இல்லை. எழும்பு என்று ஒருவர் சொன்னால் உடனே எழும்பி நிற்க இயக்கத்தில் அவளைப் பழக்கியிருக்கிறார்கள். நிரோ அவளுடைய தோளில் கையை வைத்து அமத்தி இருத்திவிட்டுத் தான் எழும்பினாள். நடுவால் நடந்து மேடைக்குப் போனாள். இடுப்புவரை பின்னல் தொங்குகிறது. மாஸ்டர் பின்னலைப் பார்த்தார், புத்தக அட்டையில் இருந்த மொட்டைத்தலைப் பெட்டையைப் பார்த்தார். நிரோ ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பி, “நான்தான். தலைமயிர் வளர்ந்திட்டுது” என்றாள்.

மண்டபமே சிரித்தது. நிரோவைத் தெரிந்தவர்கள் பிள்ளை பகிடி விடுகிறாள் என்று தட்டினார்கள், தெரியாதவர்கள் நம்பித் தட்டினார்கள். மாஸ்டர் பொன்னாடையைப் போர்த்தார், பேப்பர்க்காரர் படம் எடுத்தார். ஓம், அந்த நாவல்களில் வருவதுபோலவேதான் எல்லாம் நடந்தது. காற்றுத்தான் அடிக்கவில்லை, மண்டபத்து மின்விசிறி பழுது.

விழா முடிந்த கையோடு அந்தப் பிள்ளையை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டோம். எங்கே என்று உனக்கு எழுதமாட்டேன், கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸிடமும் கேட்காதே, அவருக்கும் தெரியாது. அடுத்த ஞாயிறு பேப்பரில் நிரோவின் படம் வந்தது. வன்னியிலிருந்து தப்பி வந்த நாவல் நாயகி என்று கீழே போட்டிருந்தார்கள். மறுநாளே பொலிசார் வந்தார்கள். ஒருவர் கையில் பேப்பர், ஒருவர் கையில் உன் புத்தகம். தமிழ் தெரிந்த ஆரோ அதில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். வந்தவர்கள் என்னிடம் வழி கேட்கவில்லை. நேரே பின்னால் போய் இரும்புப் படியில் ஏறினார்கள். மேலே வெறும் கட்டிலும் ஒரு சீப்பும் கிடந்தன.

நிரோவின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைக் கடிதம், பொலிசில் பதிந்த துண்டு எல்லாவற்றையும் நீட்டினேன். பெரிய அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்த பிள்ளை என்பது தனக்கும் தெரிகிறது என்றார். அப்படியென்றால் புத்தகத்தில் வருகிறவள் யார், எங்கே, அதைச் சொல்லிவிட்டு உங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். அப்படி ஒருத்தியும் இல்லை, சின்னம்மா கட்டின கதை, மேடையில் பகிடிக்கு ஏறினேன் என்று நிரோ சொன்னாள். அதிலிருந்து இன்றுவரை அவள் அசையவில்லை. அதிகாரி உன் முன்னுரையை எடுத்துக் காட்டினார். ‘இதில் ஒரு சொல்லும் கற்பனை இல்லை. விடிவெள்ளி இன்றும் வெள்ளவத்தையில் வாழ்கிறாள்’ என்று எழுதிக் கீழே கையெழுத்தும் வைத்திருக்கிறாய். பள்ளிக்கூடப் பிள்ளை வாயால் சொல்வதை நம்புவதா, கனடாவில் இருக்கிற படித்த பொம்பிளை கையெழுத்து வைத்ததை நம்புவதா என்று கேட்டார்.

இப்போது வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். போன வியாழக்கிழமை இவரையும் என்னையும் பார்க்க விட்டார்கள். மெலிந்துவிட்டாள். கை முழுக்கத் தழும்பு, கேட்டால் நுளம்பு கடித்தது என்கிறாள். ஏச வேண்டும் என்றுதான் போனேன். உன்னை ஆர் எழும்பச் சொன்னது என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அம்மா, அவ பிடிபட்டா திரும்பி வரமாட்டா. நான் வருவன்தானே.”

வருவன்தானே என்கிறாள், ஜெகம். பிறப்புச் சான்றிதழை அவ்வளவு நம்புகிறாள். இங்கே சான்றிதழோடு போய்த் திரும்பாதவர்களின் தாய்மாரும் எங்கள் கடையில்தான் விண்ணப்பம் எழுதக் கடதாசி வாங்குகிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் நிரோவைப் போல ஒரு பிள்ளையைப் பெறப் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். சிவபாதசுந்தரம் மாஸ்டர் வந்திருந்து அழுதுவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இல்லை. பயமாக இருக்கிறது. அந்தத் தட்டில் இருந்ததையெல்லாம் அள்ளிப் பெட்டியில் கட்டி, போடி முட்டாள், போடி முட்டாள் என்று தனியே ஏசிக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்தரணி மக்கீன் ஒரு வழி சொல்லியிருக்கிறார். நாவல் முழுக்கக் கற்பனை, விடிவெள்ளி என்று ஒருத்தி எங்கும் இல்லை, முன்னுரை விற்பனைக்காக எழுதியது என்று நீ சத்தியக் கடதாசி முடித்து, அங்கேயுள்ள தூதரகத்தில் முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். எழுதியவளே கையெழுத்து வைத்தால் பிள்ளையை மறித்து வைக்கக் காரணம் குறையும் என்கிறார். நிச்சயம் என்று அவர் சொல்லவில்லை. வேறு வழி இருப்பதாகவும் சொல்லவில்லை.

இதை ரெலிபோனில் சாடைமாடையாகச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? நாவல் அங்கே இளையோர் நூல் பரிசுக்குத் தெரிவாகியிருக்கிறதாம், உண்மைக் கதை என்றபடியால்தான் எடுத்தார்களாம். பொய் என்று எழுதினால் ஒரு எழுத்தாளரின் நேர்மை என்னாவது என்று கேட்டாய். அதற்குப் பிறகுதான் அழுதாய். நிரோவின் கதையையும் உலகத்துக்குச் சொல்ல வேண்டும் அக்கா என்று சொல்லி அழுதாய். உலகம் உன்னிடம் அதைக் கேட்டதா?

உன் நேர்மைக்கு ஒரு குறையும் வராது, பயப்படாதே. கடற்கரையில் அலையோடு கதைத்த ஒரு பெட்டை இங்கே இருந்ததே இல்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் மயிரைத் தானே வெட்டிய ஒருத்தி இருந்ததே இல்லை. நீ எழுதியவள் வெள்ளவத்தையிலும் இல்லை, வன்னியிலும் இல்லை. இருந்தவளை நீ பார்க்கவும் இல்லை, அவளை எழுதவும் இல்லை. ஆகவே நான் உன்னைப் பொய்ச் சத்தியம் செய்யக் கேட்கவில்லை. முந்நூறு பக்கத்தில் நீ எழுதாத ஒரு உண்மையை ஒரு பக்கத்தில் எழுதித் தா என்று கேட்கிறேன். பரிசு வருகிற வருசமும் வரும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும், இவருக்குக்கூட இதை நான் சொல்லவில்லை. ஒரு விலாசம் சொன்னால் என் பிள்ளை அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும். அந்த விலாசம் எனக்குத் தெரியும். பொலிசாருக்கு முன்னால் இருக்கிற ஒவ்வொரு முறையும் அது வாய்வரை வருகிறது, விழுங்கிவிட்டு வருகிறேன். நான் நிரோவைப் போல இல்லை, பெற்ற தாய். எவ்வளவு காலம் விழுங்குவேன் என்று எனக்குத் தெரியாது. உன் கடதாசி அதற்கு முன்னால் வந்து சேர வேண்டும், தங்கச்சி. நீ பிந்தினால் நான் என்ன செய்வேனோ, அதை என்னைச் செய்ய வைக்காதே.

உன் மூத்தவளுக்கு வருகிற மாசம் பதினாறு முடிகிறது என்று நினைவு. பெரியம்மா வழக்கமாக அனுப்புகிற சட்டையை இந்த முறை அனுப்பவில்லை, மன்னிக்கச் சொல்லு. ஆசீர்வாதம் மட்டும் அனுப்புகிறேன். அவள் நன்றாகச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, தாயோடு சண்டை பிடித்து, ஒருவருடைய கதைக்கும் உதவாத பிள்ளையாகப் பல்லாண்டு இருக்கட்டும். விளக்குக் கொளுத்தும்போது என் பிள்ளைக்கும் நான் அதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
கனகேஸ்வரி